ஒரே நாளில் பல்: தாடை எலும்பு அதற்குள் ஆறிவிடுமா?



பல் கிளினிக்குகளின் விளம்பரங்களில் ‘ஒரே நாளில் புதிய பல்’ என்ற வாசகத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். காலையில் தாடை எலும்பில் ஓர் உலோகத் திருகாணியைப் பதிக்கிறார்கள். மாலையில் அதன்மேல் ஒரு பல்லைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாட்டிக்கோ அப்பாவுக்கோ இப்படிச் செய்துகொள்ளலாமா என்று உங்கள் வீட்டில்கூடப் பேச்சு நடந்திருக்கலாம்.

அறிவியல் படிக்கும் உங்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். காற்பந்து விளையாடும்போது கை எலும்பு முறிந்தால், மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, பல வாரங்கள் கையை அசைக்கக் கூடாது என்கிறார். தாடை எலும்பும் எலும்புதான். அதில் துளை போடுவதும் ஒரு காயம்தான். அப்படியிருக்க, காயம் பட்ட அன்றே அதன்மேல் பல்லை வைத்து மெல்லச் சொல்வது எப்படிச் சரியாகும்?

சில நோயாளிகளுக்கு அது சரியாகும், சிலருக்குச் சரியாகாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தாளின் தடிமன் அளவுதான். அது எப்படி என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எலும்புக்குள் என்ன வைக்கிறார்கள்?

‘இம்பிளாண்ட்’ என்று எல்லாரும் சொல்வது ஒரு செயற்கைப் பல் வேர். பார்ப்பதற்குத் திருகாணியைப் போலவே இருக்கும். பொதுவாக 4 மில்லிமீட்டர் குறுக்களவும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பெரும்பாலும் தைட்டானியம் என்ற உலோகத்தால் செய்யப்படுகிறது. இதன் தலையில் ஓர் இணைப்புத் துண்டைப் பொருத்தி, அதன்மேல் வெளியே தெரியும் மேற்பல்லை வைப்பார்கள்.

உங்கள் சொந்தப் பல் இப்படித் திருகி வைக்கப்பட்டது அன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய நார்ப் படலம் ஒன்று உள்ளது. பல் அந்த நார்களில் ஊஞ்சல்போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடினமான முறுக்கைக் கடிக்கும்போது பல் சற்றே அமுங்கி, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

இம்பிளாண்டுக்கு அந்த நார்ப் படலம் இல்லை. எலும்பு நேரடியாக உலோகத்தின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் நார் வளர்ந்துவிட்டால் அது தோல்வி. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முயலின் காலில் கிடைத்த பாடம்

1950-களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் தைட்டானியத்தாலான ஒரு சிறு கூட்டைப் பொருத்தி, அதன் வழியாக நுண்ணோக்கியில் இரத்த ஓட்டத்தைப் பார்த்தார். ஆய்வு முடிந்ததும் கூட்டைக் கழற்றி மீண்டும் பயன்படுத்த எண்ணினார். கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கு இடைஞ்சலாக வந்த இந்தப் பிடிப்பையே அவர் பிறகு ஆராயத் தொடங்கினார். 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாகத் தைட்டானிய இம்பிளாண்டுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு இருந்த லார்சன், 2006-இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பயன்படுத்தினார்.

தைட்டானியத்தில் அப்படி என்ன இருக்கிறது? காற்றுப் பட்ட கணமே அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலம் உருவாகிவிடுகிறது. இரும்பின் துரு உதிர்ந்து விழும். இந்தப் படலம் உதிராது. உடலின் திரவங்கள் உலோகத்தைத் தொடுவதில்லை. இந்த ஆக்சைடைத்தான் தொடுகின்றன. அது எளிதில் வினைபுரியாது என்பதால் உடல் அதை எதிர்ப்பதில்லை.

பிரோனமார்க் ஒரு கடுமையான விதியை வைத்திருந்தார். இம்பிளாண்டைப் பதித்ததும் ஈறால் மூடித் தைத்துவிட வேண்டும். கீழ்த்தாடையில் 3 முதல் 4 மாதம், மேல்தாடையில் ஏறத்தாழ 6 மாதம் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஈறைத் திறந்து, மேற்பல் வைக்க வேண்டும். எலும்பு ஆறும்வரை சுமையே கூடாது என்பது அவர் கருத்து. நோயாளிகள் அதுவரை பல் இல்லாமலோ, கழற்றி மாட்டும் பல்செட்டோடோ காலம் தள்ளினார்கள்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியுமா என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பதில் சொல்ல, துளைக்குள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

துளை போடும் நிமிடங்கள்

முதல் ஆபத்து வெப்பம். பலகையில் துளை போடும்போது துரப்பண முனை சூடாவதை உங்கள் பள்ளிப் பட்டறையில் கவனித்திருப்பீர்கள். எலும்பிலும் அதே உராய்வுதான். எலும்பு 47 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமடைகிறது என்று சுவீடனில் முயல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் 1980-களில் காட்டின. நம் உடல் வெப்பத்தைவிட அது 10 டிகிரிதான் கூடுதல். ஆகவே பல் மருத்துவர் உப்புக் கரைசலைத் தொடர்ந்து பீய்ச்சிக் குளிர்வித்தபடி, சிறிய முனையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய முனைக்கு மாறித் துளையை அகலப்படுத்துகிறார்.

கடைசியாகப் போடும் துளை, இம்பிளாண்டைவிடச் சற்றே சிறியது. அதனால் திருகும்போது மரைகள் எலும்பை நெருக்கிக்கொண்டு இறங்குகின்றன. மரச் சட்டத்தில் இறுக்கிய திருகாணி ஆடாமல் நிற்பதுபோல, இம்பிளாண்டும் அப்போதே ஆடாமல் நிற்கிறது. இதை ‘முதல் பிடிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். இதில் உயிரியல் எதுவும் இல்லை. முழுக்க முழுக்க இயற்பியல்.

இந்தப் பிடிப்பை அளக்கவும் முடியும். இம்பிளாண்டை முறுக்கி இறக்கத் தேவைப்படும் திருப்புவிசையைக் கருவி காட்டும். உடனே பல் வைக்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பல மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. இயற்பியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திருப்புவிசை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 3.5 நியூட்டன் விசை கொடுத்தால் 35 வந்துவிடும். 3.5 நியூட்டன் என்பது ஏறத்தாழ 350 கிராம் எடை. பானம் நிறைந்த ஒரு டின்னின் எடை. பெரிய விசை ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பு மிருதுவாக இருப்பவர்களிடம் இந்த அளவுகூடக் கிடைக்காமல் போகலாம்.

முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

இனி உயிரியல் தொடங்குகிறது.

முதல் மணி நேரம்: துளைக்குள் இரத்தம் ஊறி, இம்பிளாண்டைச் சுற்றியுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புகிறது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஒன்றுதிரண்டு இரத்தத்தை உறைய வைக்கின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் ஒரு வலையைப் பின்னுகின்றன. தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளையும் வெளியிடுகின்றன. அவை ‘இங்கே காயம், வாருங்கள்’ என்று மற்ற உயிரணுக்களுக்கு விடுக்கும் அழைப்பு.

முதல் சில நாள்: வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் உடைந்த திசுத் துகள்களையும் அகற்றுகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. எலும்பை உருவாக்கக்கூடிய உயிரணுக்கள் ஃபைப்ரின் வலையைப் பிடித்துக்கொண்டு, கொடி பந்தலில் ஏறுவதுபோல, இம்பிளாண்டை நோக்கி நகர்கின்றன. இன்றைய இம்பிளாண்டுகளின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. அமிலத்தாலும் துகள் வீச்சாலும் அதை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். வலை நன்றாகப் பற்றிக்கொள்ளவே அந்த ஏற்பாடு.

முதல் இரண்டு வாரம்: ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் கட்டுமான உயிரணுக்கள் கொலாஜன் இழைகளைச் சுரக்கின்றன, அவற்றில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன. முதலில் உருவாவது ‘பின்னல் எலும்பு’. இழைகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் அது வலுக் குறைவானது. ஆனால் வேகமானது. நாளொன்றுக்கு 30 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை வளரக்கூடியது.

நான்காம் வாரத்திலிருந்து: பின்னல் எலும்பை அகற்றிவிட்டு, ஒழுங்கான அடுக்குகளைக் கொண்ட ‘அடுக்கு எலும்பு’ வைக்கப்படுகிறது. இது வலுவானது, ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர்தான் வளரும். இந்த வேலை மூன்று மாதத்தையும் தாண்டி நீடிக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. இம்பிளாண்டுக்கும் எலும்புக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர், அதாவது 200 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கிறது. பின்னல் எலும்பு அதை நிரப்ப 4 முதல் 7 நாள் போதும். அடுக்கு எலும்பு மட்டுமே வளர்ந்திருந்தால் 200 நாள் ஆகியிருக்கும். உடல் ஏன் முதலில் தற்காலிகக் குடிசை போட்டுக்கொண்டு, பிறகு கல் வீடு கட்டுகிறது என்பது புரிகிறதா?

வலுக் குறையும் வாரங்கள்

எலும்பு நாளுக்கு நாள் வளர்கிறது என்றால் இம்பிளாண்டும் நாளுக்கு நாள் உறுதியாகிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. நடுவில் ஒரு சரிவு வருகிறது.

மரைகள் நெருக்கிய இடத்தில் இருந்த எலும்பு காயம்பட்ட எலும்பு. அதில் நுண்ணிய விரிசல்கள் இருக்கும். சில உயிரணுக்கள் இறந்திருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் இடிப்பு உயிரணுக்கள் வந்து அந்த எலும்பைக் கரைத்து அகற்றுகின்றன. புது எலும்புக்கு இடம் வேண்டுமல்லவா? ஆனால் இம்பிளாண்டை இதுவரை தாங்கிப் பிடித்திருந்ததே அந்தப் பழைய எலும்புதான். ஆகவே முதல் பிடிப்பு குறைகிறது.

அதே வேளையில் புதிய எலும்பு தரும் ‘இரண்டாம் பிடிப்பு’ கூடிக்கொண்டு வருகிறது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, இரண்டும் சேர்ந்த மொத்தப் பிடிப்பு பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். பழைய பாலத்தை இடித்துக்கொண்டே பக்கத்தில் புதிய பாலம் கட்டுவதை எண்ணிப் பாருங்கள். பழையது பாதி போய், புதியது பாதிதான் எழும்பியிருக்கும் நாட்களில்தான் வண்டிகள் மிகவும் மெதுவாகப் போக வேண்டும்.

நோயாளிக்கு இது தெரியாது. முதல் வாரத்து வலியும் வீக்கமும் அதற்குள் போயிருக்கும். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அவர் கச்சானைக் கடிக்க நினைப்பது சரியாக அந்த நாட்களில்தான். வலி இல்லை என்பதற்கு எலும்பு ஆறிவிட்டது என்று பொருள் இல்லை.

எதிரி சுமையா, ஆட்டமா?

உடனே பல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இனி விடை காணலாம்.

மெல்லும்போது கடைவாய்ப் பற்களில் சில நூறு நியூட்டன் விசை விழக்கூடும். அந்த விசை இம்பிளாண்டைச் சிறிதளவு ஆட்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவை ‘நுண்ணாட்டம்’ என்பார்கள். ஆய்வாளர்கள் ஒரு வரம்பைக் கண்டிருக்கிறார்கள். நுண்ணாட்டம் 50 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருந்தால் எலும்பு வளர்வது தடைப்படுவதில்லை. 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்கிறது. இம்பிளாண்டின் மேற்பரப்பைப் பொறுத்து, வரம்பு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 100 மைக்ரோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வதுண்டு.

100 மைக்ரோமீட்டர் எவ்வளவு? 500 தாள்கள் கொண்ட ஏ4 கட்டு ஒன்றின் உயரத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வரும். அதை 500-ஆல் வகுத்தால் ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதுதான் 100 மைக்ரோமீட்டர். எலும்பா, நாரா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு தாள்தான்.

ஏன் இப்படி? ஃபைப்ரின் வலையையும் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்களையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடிக்கும் இம்பிளாண்டு அதிகமாக நகர்ந்தால் வலை அறுகிறது, குழாய்கள் நசுங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்து, இழுபட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் எலும்பு உருவாக முடியாது. அந்தச் சூழலைத் தாங்கக்கூடிய நார்த்திசுதான் அங்கே வளரும். இம்பிளாண்டு பல் ஆடுவதுபோல ஆடத் தொடங்கும். நார் சூழ்ந்த இம்பிளாண்டைப் பிறகு எலும்போடு ஒட்டவைக்க வழியில்லை, கழற்றத்தான் வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால், ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மொட்டுள்ள பட்டையைக் கன்றின் தண்டில் வைத்து, நாடாவால் இறுகச் சுற்றி, மூன்று வாரம்போல அப்படியே விட்டுவிடுவார்கள். பட்டை இடம் நகர்ந்தால் ஒட்டு பிடிக்காது. உயிருள்ள இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் அசையாமை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் சுமையே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. எலும்பு சுமையை விரும்பும் திசு. எலும்பு தன்மேல் விழும் விசைக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எடையில்லா நிலையில் வாழும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 விழுக்காட்டுக்கும் மேல் குறையக்கூடும். பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு நாளடைவில் தேய்ந்துபோவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை மாதம் சுமை வைக்காமல் இருப்பது?’ என்பதன்று. ‘சுமை வைத்தாலும் ஆடாமல் இருக்குமா?’ என்பதே.

உடனே பல் வைப்பது எப்போது சாத்தியம்?

பதித்த ஒரு வாரத்துக்குள் பல் வைப்பதை ‘உடனடிச் சுமையேற்றம்’ என்றும், ஒரு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் வைப்பதை ‘முன்கூட்டிய சுமையேற்றம்’ என்றும், அதற்குப் பிறகு வைப்பதை ‘வழக்கமான சுமையேற்றம்’ என்றும் துறையினர் பிரிக்கிறார்கள்.

உடனடி முறைக்குத் தொடக்க காலத்தில் கைகொடுத்த இடம் கீழ்த்தாடையின் முன்பகுதி. அங்கே எலும்பு அடர்த்தியானது. 1979-இல் சுவிட்சர்லாந்தின் பிலிப் லெடர்மன், அந்தப் பகுதியில் பதித்த இம்பிளாண்டுகளை ஓர் உலோகச் சட்டத்தால் ஒன்றோடொன்று பிணைத்து, காத்திருக்காமல் அதன்மேல் பல்செட்டைப் பொருத்தியதை வெளியிட்டார். பந்தல் போடும்போது கவனித்திருப்பீர்கள்: தனியாக நட்ட கால் ஆடும், நான்கு கால்களைக் குறுக்குக் கழியால் கட்டிவிட்டால் எதுவும் ஆடாது. தாடையிலும் அதே தத்துவம்தான். 2003-இல் போர்த்துகல் மருத்துவர் பாவ்லோ மாலோவின் குழு வெளியிட்ட ‘ஆல் ஆன் ஃபோர்’ முறையும் இப்படிப்பட்டதே. நான்கு இம்பிளாண்டுகளைப் பிணைத்து ஒரு தாடையின் முழுப் பல்வரிசையையும் அவை தாங்கும்படி செய்தார்கள்.

ஒற்றைப் பல்லுக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் மருத்துவர்கள் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். அன்றே வைக்கும் தற்காலிகப் பல்லைச் சற்றே குட்டையாகச் செய்து, எதிர்த் தாடைப் பல் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிரித்தால் பல் தெரியும். கடித்தால் விசை விழாது. நிலையான பல் மாதங்கள் கழித்துத்தான் வரும். விளம்பரத்தில் சொல்லும் ‘ஒரே நாள் பல்’ பெரும்பாலும் இந்தத் தற்காலிகப் பல்தான்.

பலன் எப்படி? 2013-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடனே பல் வைத்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் இத்தகைய சோதனைகளில் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளே சேர்க்கப்படுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. முதல் பிடிப்பு போதாதவருக்கும் மேல்தாடையின் பின்பகுதியில் மிருதுவான எலும்பு உள்ளவருக்கும் காத்திருப்பதே பாதுகாப்பு. புகைப்பவர்களுக்கு இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் எலும்பு ஆறுவது பாதிக்கப்படுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் ஆறுவதைத் தாமதப்படுத்தும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உங்கள் வயதில் ஏன் வைப்பதில்லை?

விளையாட்டில் முன்பல்லை இழந்த 14 வயது மாணவருக்கு இம்பிளாண்டு வைக்கலாமா? பொதுவாக வைப்பதில்லை. எலும்பு ஆறாது என்பதால் அன்று. உங்கள் எலும்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகவே ஆறும். சிக்கல் வேறு. உங்கள் தாடை இன்னும் வளர்கிறது. நார்களில் தொங்கும் சொந்தப் பற்கள் தாடையோடு சேர்ந்து நகரும். எலும்போடு ஒட்டிய இம்பிளாண்டு நகராது. சில ஆண்டுகளில் மற்றப் பற்கள் கீழிறங்கி வர, அது மட்டும் மேலே தங்கிவிட்டதுபோலக் குட்டையாகத் தெரியும். ஆகவே தாடை வளர்ச்சி முடியும்வரை, பொதுவாக 18 வயதைக் கடக்கும்வரை, ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகவும், காத்திருப்பார்கள்.

அதனால்தான் உங்கள் வயதில் சொந்தப் பல்லைக் காப்பாற்றுவது மிக முக்கியம். நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால்:

• பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள்.
• அழுக்கு இருந்தால் பாலில் அல்லது குளிர்ந்த நீரில் சில விநாடி மட்டும் அலசுங்கள்.
• முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்து, துணியை மெதுவாகக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். வெறும் நீரில் ஊறவைக்காதீர்கள்.
• உடனே பல் மருத்துவரிடம் போங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் நல்லது. எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

வேரின்மேல் ஒட்டியிருக்கும் நார்ப் படலத்தின் உயிரணுக்களைக் காப்பதற்கே இவ்வளவும். அவை காய்ந்து இறந்துவிட்டால், எலும்பு இம்பிளாண்டோடு ஒட்டுவதுபோலவே உங்கள் பல்லின் வேரோடும் நேரடியாக ஒட்டிவிடும். அந்தப் பல்லும் பிறகு வளர்ச்சியில் பின்தங்கும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு, மூன்று காகிதக் கோப்பைகள், மூன்று ஐஸ்கிரீம் குச்சிகள், ஒட்டுநாடா, ஓர் அழிப்பான். ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். மாவு இறுகும்போது சூடாகும். அதற்குள் விரலை விடாதீர்கள்.

மாவைக் கரைத்து மூன்று கோப்பைகளிலும் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை அடியைத் தொடும்படி நிறுத்துங்கள். முதல் குச்சியை அப்படியே விடுங்கள். இரண்டாவதை, மாவு இறுகும்வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை இலேசாக ஆட்டுங்கள். மூன்றாவதன் தலையில் அழிப்பானை ஒட்டி, குச்சி அசையாதபடி கோப்பையின் விளிம்போடு ஒட்டுநாடாவால் இழுத்துக் கட்டுங்கள். மறுநாள் மூன்றையும் இழுத்துப் பாருங்கள். சுமை இருந்தும் ஆடாமல் நின்ற மூன்றாவது குச்சி எதைப்போல இருக்கிறது: முதலாவதைப் போலவா, இரண்டாவதைப் போலவா?

மாவுக்கு உயிர் இல்லை, எலும்புக்கு உண்டு. மாவு ஒருமுறை இறுகினால் அவ்வளவுதான். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.

வீட்டில் யாராவது இம்பிளாண்டு வைக்கப் போகிறார் என்றால், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இம்பிளாண்டின் முதல் பிடிப்பு எவ்வளவு வந்தது? இன்று வைக்கும் பல் தற்காலிகமானதா, நிலையானதா? எத்தனை வாரம் மிருதுவான உணவு சாப்பிட வேண்டும்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைச் சமையலறையில் எழுதி ஒட்டிவையுங்கள். நான்காவது வாரத்தில், வலி எல்லாம் போன பிறகு, யாராவது முறுக்குத் தட்டை நீட்டும்போது அது உதவும்.